வராத பிள்ளைகளுக்குப் போன் போடுகிறவள்

அலுவலகச் சன்னலின் கண்ணாடியைத் துடைப்பது பியூனின் வேலை. ஆனால் அந்த நடுநிலைப் பள்ளியில் அதை எட்டரையக்காதான் செய்வாள். பழைய செய்தித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பாள். முந்தின நாள் பெற்றோர்கள் விட்டுவிட்டுப் போன உள்ளங்கைகள், நெற்றி எண்ணெய், ஒரு கைக்குழந்தை நக்கிய இடம், கோபத்தில் ஒரு அப்பா முட்டியால் குத்திய இடம் எல்லாம் போய்க் கண்ணாடி பளிச்சென்று ஆன பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள்.

"இன்னிக்கு எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்" என்பாள்.

பியூன் தேநீரை ஊதிக்கொண்டே, "சண்டைக்கு முன்னாடி மைதானத்தைக் கூட்டுற ஆளை உங்க ஒருத்தரைத்தான் பார்த்திருக்கேன்" என்பார்.

எட்டரை மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற பிள்ளை அவளுடைய சன்னலுக்கு வந்து, காரணம் சொல்லி, சீட்டு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக முடியும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அவளே போன் போடுவாள். பிள்ளைகள் வைத்த பெயர் எட்டரை. ஆசிரியர்கள் மரியாதைக்காக ஓர் அக்காவை ஒட்டவைத்தார்கள். பெற்றோர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். வாடகைக் கார் ஓட்டும் ஒரு அப்பா, "ஏழரைகூட ஒரு காலத்துல விட்டுட்டுப் போயிடும். இந்த எட்டரை, பிள்ளை எட்டாவது முடிக்கிற வரைக்கும் விடாது" என்று சன்னலுக்கு முன்னாலேயே பக்கத்து ஆளிடம் சொன்னார்.

"கேட்டுச்சு. நேத்து உங்க பிள்ளை ஏன் வரலைன்னு சொல்லிட்டு மிச்சத்தைப் பேசுங்க" என்றாள் அவள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மருந்துக்கடை ஒன்றில் பல வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். அதற்கு முன்னால் துணிக்கடையில், மற்றவர்கள் கலைத்துப் போடும் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை வாழ்க்கையில் இதுதான் முதல். தற்காலிகம் என்று சொல்லி எடுத்தார்கள். தற்காலிகமாகவே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. போன வருஷம் வந்த புதிய தலைமையாசிரியை மட்டும், "வருகை ஏறட்டும், உங்களை நிரந்தரமாக்க நானே எழுதுறேன்" என்று வாயைத் திறந்து சொன்னார். அன்றிலிருந்து அவள் போனை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவர்களுக்குக் காது கருகியது.

போனில் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஆள் சொல்வதைக் கேட்கமாட்டாள், ஆளுக்குப் பின்னால் கேட்பதைக் கேட்பாள். "வயித்துவலி, படுத்திருக்கான்" என்று ஓர் அம்மா சொல்லும்போது பின்னால் பஸ் கண்டக்டரின் விசில் கேட்டால், "எந்த ஊருக்குப் போற பஸ்ல படுத்திருக்கான்?" என்பாள். "டாக்டர்கிட்ட வந்திருக்கோம்" என்கிறவரின் பின்னால் தொலைக்காட்சி சிரித்தால், "டாக்டர் ரொம்ப ஜாலியான ஆள் போல" என்பாள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் அவளை வாயாரத் திட்டினார்கள். அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "திட்டுறது திட்டிட்டு, நாளைக்கு அனுப்பிவைங்க."

அந்த வருஷம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை பெற்றோர்களை எல்லாம் கூட்டி வைத்துப் புது விதிகளைப் படித்தார். வருகை குறைந்தால் பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். பெற்றோர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் மருத்துவரின் சீட்டு வேண்டும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் யாரையாவது பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் பொறுப்பேற்று எழுதித் தந்தால் மன்னிக்கப்படும்.

பின்வரிசையிலிருந்து ஒரு மீன்கடைக்காரி எழுந்தாள். "டீச்சரம்மா, எனக்கு உடம்பு முடியலைன்னா யாரு சீட்டுத் தருவா?"

அரங்கம் சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. எட்டரையக்காவும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனார் மட்டும் சத்தமாக, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

நாத்தனாரின் மகள் அதே பள்ளியில் ஏழாவது படித்தாள். இந்தச் சொந்தம் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது எட்டரையக்காவின் உத்தரவு. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் அந்தப் பெண் "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அத்தை.

எட்டரையக்காவின் மாமனார் பக்கவாதம் வந்து அவளுடைய வீட்டு நடு அறையில் படுத்திருந்தார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மருமகளை "ஏய்" என்று கூப்பிடுகிற ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. அவர் விழுந்த புதிதில் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ வேலையை விட்டுடேன்" என்றான். அவன் பெயிண்ட் கடையில் விற்பனையாளன்.

"யாரோட அப்பா அவரு?"

"எங்கப்பாதான்."

"அப்ப நீங்க விடுங்க."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பிறகு நாத்தனார் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட். காலையில் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், பள்ளி விட்டு அண்ணி திரும்பியதும் சாவியை மாட்டிவிட்டு வேலைக்கு ஓடுவாள். வயதில் இவளைவிட ஒரு வருஷம் மூத்தவள். முறைக்கு அண்ணி என்பாள், பேச்சுக்கு நீ என்பாள்.

கொஞ்ச காலம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஏழாம் வகுப்பில் அந்தப் பெண் வராமல் போகத் தொடங்கியது. எட்டரையக்கா மற்றவர்களுக்குப் போடுவது போலவே நாத்தனாருக்கும் போன் போட்டாள். சொந்தக்காரி என்று சலுகை காட்டியதாக நாளைக்கு யாரும் விரல் நீட்டிவிடக்கூடாது.

"ஏழாம் வகுப்பு மாணவியோட தாயாருங்களா?"

"அண்ணி, நான்தான்."

"பள்ளிக்கூடத்துல இருந்து பேசுறேன். இன்னிக்குப் பொண்ணு வரலை. காரணம் சொல்லுங்க."

"என்னது, சொல்லுங்களா? நேத்துதானே என் வாசல்ல நின்னு 'அந்தப் பெரிய பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிற எண்ணம் இருக்கா இல்லையாடி'ன்னு கேட்டே? ஒரே ராத்திரியில நான் சொல்லுங்க ஆயிட்டேனா?"

"காரணம்."

"காய்ச்சல்னு எழுதிக்கோ. எழுதிட்டு அந்தப் பேனாவை... வேண்டாம், வாயில ஏதாவது வந்துடும்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல், தலைவலி, மறுபடியும் காய்ச்சல். ஒரு நாள் காலை அதே போன், அதே கேள்வி. நாத்தனார் "காய்ச்சல்" என்றாள். அவளுக்குப் பின்னால் பெரிய மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. "அடுத்த தள்ளுவண்டியைக் கொண்டா, சீக்கிரம்!" என்று ஓர் ஆண்குரல் கத்தியது.

எட்டரையக்காவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது. இவள் சலவைக்கூடத்தில் நிற்கிறாள். இந்த நேரத்தில் அவள் இருக்க வேண்டிய இடம் என் வீடு. ஷிஃப்ட்டை மாற்றிவிட்டார்கள். அப்படியென்றால் மாமனாரின் பக்கத்தில் யார்?

கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. பதில் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குத் தெரியாது என்று இருக்க முடியாது. தெரிந்தால் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் கிழவரோடு வீட்டில் உட்காரப்போவது யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் பொய்யை எல்லாம் விசிலிலும் சிரிப்பிலும் பிடித்தவள், இந்த உறுமலை மட்டும் காதிலேயே வைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல். எழுதிக்கிட்டேன்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் மூடிபோட்ட பாத்திரம் ஒன்று கூடுதலாக இருந்தது. கொஞ்சம் சோறு, அவித்த முட்டை. முட்டையில் மிளகு தூவவில்லை. அந்தப் பெண்ணுக்கு மிளகு பிடிக்காது. மாமனாருக்குக் கரைத்த கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்காது. மாலையில் நாத்தனார் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள், பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. எட்டரையக்கா ஒன்றும் கேட்கவில்லை. கணவனும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அவளுக்குப் பிறகு கிளம்புகிறவன். தினமும் கதவைத் திறந்து அந்தப் பெண்ணை உள்ளே விட்டவனே அவன்தான். சாவி கொக்கியில் எப்போதும் போலத் தொங்கியது. முட்டை வைப்பதும் பாத்திரம் கவிழ்வதுமாக மாதங்கள் போயின.

வருஷக் கடைசியில், வருகை குறைந்தவர்களின் வீட்டுக்குத் தாக்கீது போனது. நாத்தனாருடைய தாக்கீதை எட்டரையக்காவே உறையில் போட்டு ஒட்டினாள். மகள் எட்டாவது போவாளா, ஏழாவதிலேயே உட்காருவாளா என்பது இனி தலைமையாசிரியையின் மேசையில்.

நாத்தனார் மாலை ஷிஃப்ட்டுக்குப் போகிற சலவைக்கூடத்து நீலச் சட்டையோடே வந்தாள். கைகளில் சலவைச் சோடா அரித்த வெடிப்பு. பெற்றோர்களுக்கான நாற்காலி பழைய வகுப்பறையிலிருந்து வந்தது, தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் முழங்கால் மேலே வந்து, தப்புச் செய்த பிள்ளையைப் போல் ஆகிவிடுவார்கள். அவள் உட்காரவில்லை. மகள் கதவோரம் நின்றது. எட்டரையக்கா மேசைக்குப் பக்கத்தில், வாசிக்க வேண்டியவளாக உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல், தலைவலி, காய்ச்சல்..." என்று வாசித்தாள். தன் குரல் தனக்கே பிடிக்காமல் வேகமாக முடித்தாள்.

"டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?" என்றார் தலைமையாசிரியை. அவர் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை. அதனாலேயே பெற்றோர்களுக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம்.

"இல்லைங்க. காய்ச்சலே இல்லை. அதெல்லாம் நான் சொன்ன பொய். எங்கப்பா படுக்கையில கிடக்கிறாரு. என் ஷிஃப்ட் ஒரு வாரம் காலையில, ஒரு வாரம் சாயங்காலம்னு மாத்திட்டாங்க. காலை ஷிஃப்ட் வர்ற வாரம் எல்லாம் இவதான் அவரைப் பார்த்துக்கிட்டா. என்னால வேலையை விட முடியாது. விட்டா இவ படிக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அதுக்கு விதியில இடம் இருக்கு. உங்க அப்பா உங்க வீட்டுலயா இருக்காரு?"

"எங்கண்ணன் வீட்டுல."

"அந்த வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. பெரிய வேலையில இருக்காங்க. ஊர்ல எந்தப் பிள்ளை எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை."

எட்டரையக்கா காகிதங்களை ஒழுங்காக அடுக்கினாள். அடுக்கியிருந்ததையே மறுபடியும் அடுக்கினாள். தலைமையாசிரியைக்கு அந்தக் குத்தல் பிடிபடவில்லை. அவர் இவள் பக்கம் திரும்பி, "அந்த வீட்டு நம்பரை வாங்கி இப்பவே பேசுங்க. அவங்க பொறுப்பேத்துக்கிட்டா முடிச்சுடலாம்" என்றார்.

"போன் எதுக்குங்க? காசுக்குக் கேடு. அந்த வீட்டுக்காரி உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா" என்றாள் நாத்தனார்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டரையக்காவைப் பார்த்தார்.

"நீங்களா?"

"இவங்க... என் வீட்டுக்காரரோட தங்கச்சி மேடம்."

"உங்க வீட்டுலயே இந்தப் பொண்ணு இருந்திருக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால், தெரிந்தே காய்ச்சல் என்று எழுதியவள் ஆகிவிடுவாள். நிரந்தரம் அந்த நொடியோடு போகும், இந்த நாற்காலிகூடப் போகலாம். தெரியாது என்றால் பொறுப்பேற்க ஆளில்லை. பெண் ஏழாவதிலேயே உட்காரும்.

"நான் காலையில சீக்கிரம் வந்துடுறேன் மேடம். வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு எதுவும்... தெரியாது."

நாத்தனார் கைதட்டாத குறைதான். "அடேங்கப்பா! அடுத்தவன் வீட்டுல பஸ் விசில் அடிச்சாக் கேக்குதாம், சொந்த வீட்டுல ஒரு பொண்ணு நாள்பூரா நடமாடினது தெரியலையாம். அண்ணி, உன் காதை எந்தக் கடையில வாங்கினே?"

"கொஞ்சம் அமைதியா இருங்க" என்றார் தலைமையாசிரியை. "அந்த வீட்டுக்காரங்க தெரியாதுன்னு சொல்றப்ப நான் எதை வச்சு மன்னிக்கிறது?" பேனாவை எடுத்தார்.

கதவோரம் நின்ற பெண்ணுக்குப் பெரியவர்கள் எதற்காக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரியவில்லை. தான் ஊர் சுற்றப் போகவில்லை, அத்தை வீட்டில்தான் இருந்தேன் என்பதை நம்பவில்லையாக்கும் என்று நினைத்தது.

"நிஜமாவே அங்கதான் மேடம் இருந்தேன். அத்தை எனக்குத் தினமும் சாப்பாடு வச்சுட்டுத்தான் போவாங்க. முட்டைகூட வைப்பாங்க. எனக்கு மிளகு பிடிக்காதுன்னு தூவ மாட்டாங்க. தாத்தா முட்டையெல்லாம் சாப்பிட மாட்டாரு, கஞ்சி மட்டும்தான்."

சொல்லிவிட்டு, உதவி செய்துவிட்ட நிம்மதியோடு அத்தையைப் பார்த்துச் சிரித்தது.

நாத்தனார்கூடத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். முட்டை விஷயம் அவளுக்கும் புதிது.

தலைமையாசிரியை மெதுவாகக் கேட்டார். "தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் எட்டரையக்கா. சொன்ன விதத்தில் பணிவு ஒன்றும் இல்லை. யாரோ அவளிடமிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது. "என் வீட்டுலதான் இருந்தா. நான் பொறுப்பு. எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தாள். பெண் எட்டாவது போகலாம். ஆனால் இனிமேல் இந்தக் காரணம் செல்லாது, இந்த வருஷத்தில் மிச்சமிருக்கும் நாட்களிலும் ஒரு நாள்கூட வீணாகக்கூடாது என்றார் தலைமையாசிரியை. பிறகு எட்டரையக்காவிடம், "உங்க விஷயத்தை நான் மேலே பேசணும். என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்போதைக்குப் போன் வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று எட்டரையக்கா எதிர்பார்க்கவில்லை. நாத்தனாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை.

"ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா உனக்கு? என் பொண்ணு வாயில இருந்து வந்த பிறகுதான் உன் வாயைத் திறக்கணுமா?"

"உன் ஷிஃப்ட் மாறினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? 'யாரோட அப்பா'ன்னு கேட்டிருப்பே. அண்ணன்கிட்டக் கேட்டதை நான் கேள்விப்படலைன்னு நினைச்சியா?"

"தப்பாவா கேட்டேன்?"

நாத்தனார் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெண் போகும்போது, மேடம் என்பதா அத்தை என்பதா என்று தெரியாமல், வெறுமனே தலையை ஆட்டியது.

அன்று மாலை நடு அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். விசாரணைக்காகக் கணவன் கடைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருந்திருந்தான். ஒரே நாளில் ஆள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ஆகியிருந்தான். சட்டையில் கஞ்சி. நாத்தனார் அன்றைய ஷிஃப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. முகத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும். தினமும் கதவைத் திறந்து விட்டது நீங்கதான்" என்றாள் எட்டரையக்கா கணவனிடம்.

"நீ கேட்கவே இல்லையே."

"கேட்டாத்தான் சொல்வீங்களா?"

"நீ கேட்காம இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நினைச்சேன்" என்றான் அவன். குத்திச் சொன்னானா, நிஜமாகவே அப்படி நினைத்தானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் குரலுக்குப் பின்னால் எதுவும் கேட்டதில்லை.

"அண்ணனை ஏன் பிடிச்சு உலுக்குறே? அவரு கடையில சம்பளத்தைப் பிடிப்பாங்க" என்றாள் நாத்தனார், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.

"என்னை மட்டும் கொஞ்சிக்கிட்டா இருக்காங்க? என் சம்பளமே இருக்குமான்னு தெரியாது."

"அதுக்கு நானா பொறுப்பு? பொய்யை எழுதினது உன் கை."

"பொய்யைச் சொன்னது உன் வாய்."

"ஏய்" என்றார் மாமனார்.

மூவரும் நிறுத்தினார்கள். தண்ணீர் கேட்கிறாரா, சத்தம் போடாதீர்கள் என்கிறாரா என்று தெரியவில்லை. எட்டரையக்காவே போய்க் கரண்டியால் தண்ணீரை வாயில் விட்டாள். பாதி கழுத்தில் வழிந்தது. அதைத் துடைத்தாள்.

"நாளன்னிக்குத் திங்கக்கிழமை" என்றாள், அவர்கள் பக்கம் திரும்பாமல். "உனக்குக் காலை ஷிஃப்ட். உங்களுக்குக் கடை. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போகணும், ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் போகலைன்னா என்னை ஒரேயடியா அனுப்பிடுவாங்க."

நாத்தனார் பவுடர் டப்பாவை மூடினாள். கணவன் சட்டையில் காய்ந்த கஞ்சியை நகத்தால் சுரண்டினான்.

"திங்கக்கிழமை இவரோட யாரு இருக்கிறது?" என்றாள் எட்டரையக்கா.

மூடிய டப்பாவை நாத்தனார் இன்னொரு முறை அழுத்தி மூடினாள். கணவன் சுரண்டிக்கொண்டே இருந்தான். படுக்கையிலிருந்து கிழவரின் இடது கண் மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தது. எட்டரையக்கா கரண்டியை டம்ளருக்குள் போட்டாள். யாராவது சொல்லட்டும் என்று நின்றாள். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.